மீனுக்குக் குளிரறை, ஓகாவின் படத்துக்குத் தாழ்வாரம்

அரசர் பெருமானின் சார்பில் வந்து அமர்ந்திருக்கும் பெரியவரே, நாடகக் கலைஞர் சங்கத் தலைவரே, அலாஃபியா படக் காப்பகத்தின் இயக்குநர் டாக்டர் சோதுண்டே அவர்களே, ஒரே நீலத் துணியில் உடை தைத்து உடுத்தி இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, ஒஷோக்போ மக்களே! அஷாபியின் வணக்கம். மறைந்த சீஃப் லாவுயியின் நாடகக் குழுவில் இருபத்தாறு வருடம் நடித்தவள் நான். இரண்டு வார்த்தை பேசி அழுதுவிட்டுப் போகக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிகிறது.

எனக்கு முன்னால் பேசிய டாக்டர் என்ன சொன்னார்? ‘சீஃப் லாவுயியின் “ஏழு மாமியார்” படத்தைக் கண்ணின் மணிபோல் காத்துவருகிறோம்’ என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கையைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்! ஏன் என்று சொல்கிறேன்.

தலைவர் என்ற மரியாதையில் நாங்கள் ஓகா என்று அழைத்த அந்த மனிதர் படம் எடுத்த காலத்தில், இந்த நாட்டில் நம் மொழிப் படம் எத்தனை இருந்தது? விரல்விட்டு எண்ணிவிடலாம். படப்பெட்டியைச் சுமந்துகொண்டு கொட்டகை கொட்டகையாக அலைந்தார். ஒரு முதலாளி சொன்னார்: “சீஃப், இந்தியப் படத்துக்குத் தெருமுனை வரைக்கும் வரிசை நிக்குது. யோருபாவுல படம்னா நாய்கூட எட்டிப் பாக்காதுய்யா.”

“நாய் வேணாம்யா. மனுஷங்க வந்தாப் போதும்” என்றார் ஓகா. அன்றைக்கே வேனில் ஜெனரேட்டரை ஏற்றினார். பள்ளிக்கூட மண்டபங்களில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டக் கிளம்பிவிட்டார்.

அந்தப் படம் எப்படித் தொடங்கும், நினைவிருக்கிறதா? நம் நாடகத்தில் முதல் பாட்டு சபைக்கு வணக்கம். சபையை வணங்காமல் ஓகாவுக்குக் கதை சொல்ல வராது. ஆகவே கேமராவுக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடவைத்தார், விழுந்து வணங்கவைத்தார். ஒளிப்பதிவாளர் வெளிநாட்டில் படித்தவர், விழுந்து விழுந்து சிரித்தார். “யாருக்கு ஓகா கும்பிடு போடுறீங்க? எதிர்ல நான் ஒருத்தன்தானே நிக்கிறேன்!”

“வருவாங்க. நீ மெஷினை ஓட்டு.”

வந்தார்கள்! எடே ஊரில் முதல் காட்சி. திரையில் நாங்கள் குனிந்ததும் மண்டபமே எழுந்து நின்று, “வாங்க, வாங்க! நல்லா இருங்க!” என்று பதில் வணக்கம் சொன்னது. பாமாயில் விற்கும் அம்மாள் ஒருவர் ஆடிக்கொண்டே போய், ஆடுபவர் நெற்றியில் காசு ஒட்டும் நம் வழக்கப்படி, திரையில் என் நெற்றியில் நைரா நோட்டை ஒட்டினார். கீழே விழுந்தது. எடுத்து எச்சில் தொட்டு ஒட்டினார். மறுபடியும் விழுந்தது. இடுப்பில் கைவைத்துத் திரும்பினார்: “ஏய் லாவுயி! உன் ஆட்டக்காரிக்கு என்ன அவ்வளவு திமிரு? என் காசு அவ நெத்தியில நிக்கமாட்டேங்குது!”

ஓகா மெஷினை நிறுத்தினார். வேனில் உட்கார்ந்து அவித்த சோளம் தின்றுகொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, “இந்தாம்மா, இவ நெத்தியில ஒட்டு. நல்லா அழுத்தி ஒட்டு” என்றார். அந்தச் சிரிப்புச் சத்தம் அடங்கி மறுபடி படம் ஓட வெகுநேரம் ஆயிற்று.

அந்தப் படத்தின் நெகட்டிவ் இன்று இல்லை. கழுவிக் கொடுத்த வெளிநாட்டு லேப் மூடியபோது குப்பையோடு போயிற்று. மிஞ்சியது ஒரே பிரிண்ட், நான்கு பெட்டி. பயணத்தில் அவற்றை யாரிடமும் நம்பிக் கொடுக்காமல் தன் கட்டிலுக்கடியில் வைத்துத் தூங்கிய மனிதர், வயதான காலத்தில் இந்த டாக்டரை நம்பினார். படச்சுருள் கெடாமல் வைக்கக் குளிரறை இருக்கிறது என்றார்கள், கொடுத்தார். பிறகு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு காப்பகத்துக்குப் போவார். “குளிரறைச் சாவி டாக்டர்கிட்ட இருக்கு பாபா, திங்கக்கிழமை வாங்க” என்பார்கள். திங்கட்கிழமை போவார். அடுத்த திங்கட்கிழமை என்பார்கள். பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார். பாவிகளா, அவர் என்ன அரண்மனையையா கேட்டார்?

அடக்கம் முடிந்ததும் நானும் அவர் மகள் மோரோலாயோவும் போனோம். குளிரறை திறந்துதான் கிடந்தது. உள்ளே என்ன? மீன்! பெட்டி பெட்டியாக மீன்! “டாக்டர் வீட்டம்மா யாவாரத்துக்கு வச்சிருக்காங்க” என்றார் காவலாளி. படப்பெட்டிகளோ பின் தாழ்வாரத்தில், தகரக் கூரைக்குக் கீழே கிடந்தன. மூன்றைத் திறந்தோம். புளித்த காடி வாடை மூக்கில் அடித்தது. சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. நான்காவதில் மட்டும் படம் இன்னும் பிழைத்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நாங்கள் வணங்கும் காட்சி! அதையாவது கொடு என்று கெஞ்சினோம். “டாக்டர் சொல்லாம விட்டா என் வேலை போயிடும்மா” என்றார் அவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

என்ன டாக்டர், எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள், மைக் வேண்டுமா?

“அம்மா, இது இரங்கல் கூட்டம். திங்கக்கிழமை ஆபீஸ்ல உட்கார்ந்து பேசிக்கலாம்.”

கேட்டீர்களா, மக்களே? திங்கட்கிழமையாம்! செத்தவருக்குச் சொன்னதையே இருப்பவர்களுக்கும் சொல்கிறார்!

ஓகா, உங்கள் குழு இன்னும் கலையவில்லை. அந்த ஒரு பெட்டியைப் பிரதி எடுப்போம். எந்தக் கொட்டகையும் வேண்டாம், பள்ளிக்கூட மண்டபங்களில் துணி கட்டிக் காட்டுவோம். கால்வாசிப் படம் என்றாலும் காட்டுவோம். இது சத்தியம்.

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்திருக்கிறார்கள். மௌனமாக இருந்துதானே மூன்று பெட்டியைப் பறிகொடுத்தோம்? மௌனம் வேண்டாம். எல்லோரும் எழுந்திருங்கள், காப்பகம் வரை சத்தம்போட்டுக்கொண்டே நடப்போம். டாக்டர் சோதுண்டே அவர்களே, நீங்கள் முன்னால் போங்கள்.