ஜிபாரா பூட்டிய ஃபைல்

டீ நன்றாக இருக்கிறது ஐயா. பால் இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கலாம், பரவாயில்லை.

ஜிபாராவைப் பற்றித்தானே கேட்டீர்கள். என் கொழுந்தன் எர்கினின் மனைவி, எனக்கு ஓரகத்தி. நான் வேலை பார்க்கும் ஏரிக் கண்காணிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். மேலே பனி உருகி ஏரி நிறைந்தால், கீழே ஆடு மேய்ப்பவர்கள் மேடேறும்படி அபாயச் சங்கு ஊத வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். ஜிபாரா அதுவரை லினக்ஸைக் கண்ணால் கண்டதில்லை.

வந்ததும் எல்லா ஃபைலையும் எல்லாருக்கும் திறந்துவிட்டாள்.

"அடியே, இதென்ன கல்யாணப் பந்தியா, வர்றவன் போறவன் எல்லாம் கை வைக்க?" என்றேன். சிரித்தாள்.

பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு குழு, அப்புறம் மற்றவர்கள். யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று தனித்தனியாக வைக்க வேண்டும். தேவைக்கு மேல் யாருக்கும் கொடுக்காதே என்றும் சொன்னேன்.

ஜூன் மாதம் சங்குக்கான ஃபைலில் ஏதோ திருத்தப் போனேன். அனுமதி இல்லை என்றது திரை. சொந்தக்காரர் ஜிபாரா. குழுவில்கூட என்னை வைக்கவில்லை. நான் மற்றவர்களில் ஒருத்தி. படிக்கலாம், தொடக் கூடாது.

"என்னடி இது?"

"நீங்கதானே அக்கா சொன்னீங்க, தேவைக்கு மேல குடுக்காதேன்னு. மாத்தணும்னா எங்கிட்ட கேளுங்க, செஞ்சு தர்றேன்."

காரகோல் நகரத்திலிருந்து வந்திருந்த அதிகாரிகள் முன்னால் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். மருமகளாக அவள் வந்தபோது, எங்கள் வழக்கப்படி புது மணப்பெண்ணின் தலையில் வெள்ளைத் துணி போட்டுவிட்டது இந்தக் கைதான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அப்படித்தான் எனக்கு இருந்தது.

ஆனால் அவள் பாதிதான் கற்றிருந்தாள். ஃபைலைப் பூட்டினாளே தவிர, அது இருந்த ஃபோல்டர் என்னுடையது. ஃபோல்டர்காரியால் ஃபைலுக்குள் இருப்பதைத் திருத்த முடியாது, ஆனால் ஃபைலின் பெயரை மாற்றலாம். அங்கே இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று அசல். மற்றது பழுது பார்க்கும் நாளுக்கானது. அதை வைத்தால் ஏரி எவ்வளவு ஏறினாலும் சங்கு ஊதாது. ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தேன். உள்ளே ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு அக்கா என்று என்னிடம் ஓடி வருவாள் என்று நினைத்தேன்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. எர்கின் ஆடுகளோடு ஆற்றங்கரையில் இருந்தான். காலையில் அவனுக்கு ரொட்டி கட்டிக்கொடுத்ததும் நான்தான். ஜிபாராவுக்கு அன்று விடுப்பு. நீர்மட்டம் ஏறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் பக்கத்தில்தான் இருந்தது. நான் கூப்பிட்டு அவன் தப்பித்துவிட்டால், அவளுடைய குறை யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் கூப்பிடவில்லை. ஏரிக்கரை உடைந்தது. அவனோடு சேர்த்து ஐந்து பேர்.

சங்கைப் பழுது பார்த்த பிறகு அசல் ஃபைலைத் திருப்பி வைக்கத் தான்தான் மறந்துவிட்டதாக ஜிபாரா நம்புகிறாள். அப்படியே உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அவளைக் கைது செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே வந்தேன். அவளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போதெல்லாம் என்னைக் கேட்காமல் அவள் எதுவும் செய்வதில்லை. இன்று காலை மாவு பிசையும்போது, "உப்பு எவ்வளவு போடணும் அக்கா?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் ஐயா, அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.