பத்தொன்பதாவது அடைப்பு

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் கடைப் பிளம்பர் இருபத்தாறு வருடத் தொழிலை விட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடக்கிறாரே, என்ன காரணம் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. காரணம் நான்தான். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

என் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். தூக்கிய பாரத்தை இறக்கி வைக்காமல் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பது அந்த வேலையில் சட்டம். அதை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். வெங்காயம் பாதி உரித்திருந்தால் தொலைபேசியை எடுக்கமாட்டாள். கல்யாணமான புதிதில், சண்டையின் நடுவே நான் தூங்கிவிட்டேன் என்று எழுப்பி உட்காரவைத்து மீதியைப் போட்டு முடித்தாள். தங்கமானவள்.

போன வருடம் தூரத்து ஊரில் ஒரு பெரிய துறைமுகம் அவளைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. பதினைந்து வருடமாக அவள் ஏங்கிய வேலை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் சிறுபிள்ளை மாதிரி குதித்தாள். "நீங்களும் வாங்க," என்றாள். எனக்கு இந்த வீடு பழகிவிட்டது. எந்த ஸ்விட்சுக்கு எந்த விளக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். "முதல்ல நீ போ, நான் அப்புறம் பார்க்கறேன்," என்றேன். அவள் முகம் வாடியது. ஆனாலும் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம்தான் வாஷிங் மெஷின் தண்ணீர் சிங்க்கில் பொங்கி வந்தது. அது என் வேலை இல்லை, சத்தியமாக. நூல் பிசிறும் சோப்புக் கசடும் சேர்ந்து தானாகவே அடைத்துக்கொண்டது. சாம்பல் நிற நுரை மேடையெல்லாம் வழிந்தது. அவள் அடுக்குவதை நிறுத்திவிட்டு, "இதைச் சரி பண்ணாம நான் எப்படிக் கிளம்புறது? உங்களால தனியா சமாளிக்க முடியாது," என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

உங்கள் ஆள் வந்து அரை மணி நேரத்தில் சரிசெய்தார். மெஷினிலிருந்து வரும் குழாயைச் சிங்க்கின் அடியில் உயரத் தூக்கி வளைத்து, கொக்கியில் மாட்டி, அதன் பிறகுதான் கழிவுக் குழாயில் சேர்க்க வேண்டுமாம். வளைவு தாழ்ந்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மெஷினுக்குள் போய்விடுமாம். பொறுமையாகச் சொல்லித் தந்தார். அவர் சொல்லாவிட்டால் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது கொக்கியைக் கழற்றிவிட்டேன்.

அடுத்த முறை ஒரு காலுறை. அவர் அதை வெளியே இழுத்து, "மெஷினே முழுங்கியிருக்கு சார்," என்றார். சூதுவாது தெரியாத மனிதர். பிறகு சட்டைப் பொத்தான்கள். பிறகு உருக்கிய மெழுகு. மெழுகு எப்படி வந்தது என்றுதான் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பத்தாவது தடவைக்குப் பிறகு தன் வீட்டுச் சிங்க்கைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பழகினாராம். குழாயிடம் தணிந்த குரலில் பேசவும் ஆரம்பித்தார். பதினெட்டாவது அடைப்பை எடுத்தபின் ஒரு தலையணை கொண்டுவந்து சிங்க்கின் அடியிலேயே இரண்டு நாள் படுத்துக் காவல் காத்தார். எனக்கு அது மிகவும் சிரமமான காலம். மூன்றாம் நாள் அவர் முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்து பத்தொன்பதாவது அடைப்பைப் பார்த்தவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "சார், எனக்குக் கைத்திறமை போயிடுச்சு," என்றார். கண் கலங்கியிருந்தது. "வயசாயிடுச்சுல்ல, விடுங்க," என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். யாராவது ஆறுதல் சொல்ல வேண்டும் அல்லவா?

இதற்குள் என் மனைவி அந்தத் துறைமுகத்துக்கு மூன்று முறை அவகாசம் கேட்டு எழுதியிருந்தாள். வாளி வாளியாகக் கையால் துவைத்ததில் விரல் மூட்டெல்லாம் வெடித்திருந்தது. நான்தான் களிம்பு தடவிவிடுவேன். கடைசியில் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நுரைத் தண்ணீரில் நின்றபடியே படித்தாள். "சரி, விடுங்க. நமக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்," என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கு நல்ல பசி, இருவர் பங்கையும் சாப்பிட்டேன்.

இப்போது நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறீர்கள். ஒரு விஷயத்தை யோசியுங்கள். ஒரு அடைத்த குழாய்க்காக யாராவது தன் வாழ்க்கையை விடுவார்களா? அவள் இருந்தது என்மேல் இருக்கிற பிரியத்தில். அந்தக் குழாய் எப்போதோ சரியாகியிருந்தாலும் அவள் போயிருக்கவே மாட்டாள். இதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

போன வாரம் வேறொரு துறைமுகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதனால் உங்கள் கடையிலிருந்து இன்னொரு ஆளை அனுப்பி வையுங்கள், கொஞ்சம் இளவயதாக, சீக்கிரம் மனம் உடையாதவராக. இந்த முறை சிமெண்ட் போட்டிருக்கிறேன்.