டீச்சர் வீட்டு மெயில்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயில் எல்லாம் காணாமல் போய்விட்டது என்று யாராவது பதறினால், சார், முதலில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மெயில் அநேகமாக எங்கும் போயிருக்காது. யாரோ சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டிருப்பார்கள். மெயில் புரோகிராம் தனக்கென்று ஒரு காலிக் கோப்பைத் திறந்துகொண்டு, பழையதைப் பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கும். பழைய கோப்போ மறைந்துகிடக்கும் ஏதோ ஒரு ஃபோல்டரில் அலுங்காமல் நலுங்காமல் தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப்பிடித்து, இதைத் திற என்று புரோகிராமுக்குச் சொன்னால் போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

டீச்சர் வீட்டிலும் நடந்தது அதுதான். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அந்த அம்மா பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். ஒரே மகள். கல்யாணமாகிப் போன பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். போன மழைக்காலத்தில் தன் வீட்டு மாடிப்படியில் ஈரத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனாள். ஹாஸ்டலில் படித்த காலம் தொட்டு அம்மாவுக்கு அவள் எழுதிய மெயில் அத்தனையும் அந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில்தான் இருந்தது. அவளுடைய கணக்கை மாப்பிள்ளை மனசு கேட்காமல் மூடிவிட்டார். எதிர் வீட்டு பேங்க்காரர், மெஷின் வேகமாக ஓடும் என்று நல்லெண்ணத்தில் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலம் டீச்சர் திறந்து பார்த்தால் பாப்பா இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றினேன். காற்றாடி முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. அதில் தலைமுடி, நகத்துணுக்கு, ஒட்டிக் காய்ந்த ஒரு கரப்பான், அதன் முட்டைக்கூடு. தூசி என்று நாம் நாசூக்காகச் சொல்வதில் பாதி மனிதத் தோல், சார். எனக்கு இன்றும் குமட்டும். கையுறை போடாமல் எந்த வீட்டுப் பெட்டியையும் நான் திறந்ததில்லை. சுத்தம் பார்க்கிறவன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கோப்பு உடனே கண்ணில் பட்டது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"தம்பி, கெடைக்குமா?"

நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். அப்பாவுக்கு ஜவுளிக்கடை. அலமாரியில் இருக்கிற அத்தனையையும் ஒரேயடியாகப் பிரித்துப் போட்டால், வந்தவர் ஒரு தடவு தடவிவிட்டு எழுந்து போய்விடுவார் என்பது எங்கள் வீட்டில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றைக் காட்ட வேண்டும். மடிக்க வேண்டும். "உள்ளே இன்னொரு ரகம் இருக்கு, உங்களுக்குன்னா எடுக்கலாம்" என்று இழுக்க வேண்டும். ஆளை உட்காரவைப்பதுதான் வியாபாரம். என் வாய் தானாகப் பேசியது.

"கஷ்டம் டீச்சர். கோப்பு ஒடஞ்சிருக்கு. ஒண்ணு ரெண்டா வேணா எடுக்கலாம். ஆனா டைம் ஆகும்."

"எவ்வளவு நாள் ஆனாலும் பரவால்லப்பா. நீ எடுத்துக் குடு, அது போதும்."

கோப்பை என் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு அவர் பெட்டியிலிருந்து துடைத்தெடுத்தேன். வேறு யாராவது கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது பாருங்கள். கூலி என்று எதையும் வாங்கவில்லை. அவரே எடுத்து நீட்டியபோதும் வாங்கவில்லை.

மற்ற வீடுகளில் என்னை வாசலிலேயே நிறுத்தி, இவன் செருப்பை எங்கே விடுவான் என்று பார்ப்பார்கள். டீச்சர் கேட்டருகே வந்து காத்திருப்பார். விருந்தாளிக்கு என்று எடுத்துவைத்த கோப்பையில் டீ வரும். நான் இரண்டு மெயிலை எடுத்துப் போடுவேன். அவர் வாய்விட்டுப் படிப்பார், அழுவார், மூக்கைச் சிந்திவிட்டு, "நாளைக்கு வருவல்ல?" என்று கேட்பார். டீயில் சர்க்கரை குறைந்த நாளில் ஒன்றுதான் எடுத்தேன். ஒருநாள் போன் வந்ததென்று என்னை விட்டுவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு நான் இருக்கும்போது அவர் போனை எடுத்ததில்லை.

வீட்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் படித்தேன். அடுத்தவர் மெயில் என்பது கழுவாத குடல், சார். பாப்பாவின் கர்ப்பப்பைச் சிகிச்சை, அதற்கு அம்மா சொன்ன பத்தியம், யாருக்கு எத்தனை நாளாக வயிறு போகவில்லை, புருஷன் எப்படிக் குறட்டை விடுகிறான், நடுநடுவே அம்மா அம்மா என்று பாகு மாதிரி ஒழுகும் கொஞ்சல். படித்து முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுநாளும் படித்தேன்.

அப்படியே கொடுக்க மனசு வரவில்லை. ஓரம் பிசிறடித்த துணியை வெட்டித்தானே கொடுப்போம். ஒரு மெயிலில், புருஷன் தனக்குத் தலை துவட்டிவிட்டதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அதை எடுத்தேன். அவனைப் பற்றி நல்லதாக இருந்த இடங்களையெல்லாம் மெல்ல மெல்ல எடுத்தேன். எடுத்த இடம் பொக்கை வாய் மாதிரி தெரிந்தது, அதனால் நானே இட்டு நிரப்பினேன். 'சாயங்காலம் தனியா உக்காந்திருக்காதம்மா. யாராச்சும் நல்லவங்க வந்தா ரெண்டு வார்த்தை பேசு.'

டீச்சர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன்னத்தான் சொல்ற மாதிரி இருக்கு பாரேன்."

இருக்கலாம் என்றேன்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவார். ஒரு பை பழம் கொண்டுவருவார். ஒழுகுகிற குழாயை முறுக்குவார், எரியாத பல்பை மாற்றுவார். மனைவி போன பிறகும் அத்தை, அத்தை என்று வளையவந்தார். ஈரக் கைக்குட்டையில் மூக்கைத் துடைத்து, அதே கைக்குட்டையால் ஆப்பிளைத் துடைத்து மாமியாரிடம் நீட்டுவார். அவரும் அதை வாங்கித் தின்பார். நான் எழுந்து போய்க் கை கழுவுவேன்.

ஒரு ஞாயிறு என் தோளில் தட்டினார். "என்ன பாஸ், மெயில் எடுக்கிறீங்களா, கெணறு வெட்டுறீங்களா? தண்ணியே வரக்காணோம்!"

டீச்சர் சிரித்துவிட்டார். அந்த வீட்டுக்கு நான் போய்வந்த காலத்தில் அதுவரை அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"அத்தை, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான், இதுல புலி. அடுத்த வாரம் பெட்டியத் தூக்கிட்டுப் போறேன். ஒரே மூச்சுல எல்லாத்தையும் எடுத்துடலாம்."

"அப்படியே செய்யுங்க மாப்பிள்ளை" என்றார் டீச்சர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்களே என் இடத்தில் இருந்து பாருங்கள். அந்தப் புலி பெட்டியைத் திறந்தால் கோப்பு உடையவே இல்லை, நான்தான் எடுத்துவைத்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். அதுகூடப் பெரிதில்லை. டீச்சரின் சாயங்காலம் என்னாவது? ஒரே மூச்சில் அத்தனையையும் படித்து முடித்துவிட்டு அப்புறம் எதற்காகக் காத்திருப்பார்?

ஆகவே ஒரு மெயில் எழுதினேன். அதுவரை வெட்டி ஒட்டியதெல்லாம் பாப்பாவின் சொந்த மெயில்களில்தான். இது மட்டும் முழுக்க என்னுடையது. ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணில் படாத ஒரு தலைப்பகுதி உண்டு. எங்கிருந்து கிளம்பியது, எந்த வழியாக வந்தது, அதன் எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய மெயில் ஒன்றின் தலையை அப்படியே எடுத்து இதற்கு வைத்தேன். அவசரம். தேதியை மாற்றியவன் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். தொழிலில் நான் வெட்கப்படுகிற இடம் அது ஒன்றுதான்.

'அம்மா, நேத்து மாடிப்படியில அவர் என்னைத் தள்ளிட்டார். கைப்பிடியப் புடிச்சுக்கிட்டதால தப்பிச்சேன். இதை யார்கிட்டயும் சொல்லாத.'

பெட்டியை அவனிடம் கொடுக்காமல் இருந்தால் போதும், என் எண்ணம் அவ்வளவுதான். டீச்சர் படித்தார். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீ படி தம்பி. எனக்குக் கண்ணு சரியில்ல."

நான் படித்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் காலையில் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்து மாப்பிள்ளை ஓடிவந்து கேட்டுக்கு வெளியே நின்றார். "அத்தை, நானா? நானா அத்தை?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் கொண்டுவந்த பழப்பையைத் தெருவில் வீசினார். உங்கள் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. நசுங்கிய பழத்தையெல்லாம் நான்தான் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். கையெல்லாம் பிசுபிசுப்பு. ரிமாண்டில் யாரோ அடித்து அவருக்கு ஒரு காது கேட்பதில்லை என்கிறீர்கள், வேலையும் போய்விட்டதாம். வருத்தம்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்கள் அமைதியாக இருந்தன என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் சாட்சியத்துக்கு என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் சைபர் பிரிவில் இருக்கிற அந்தக் கண்ணாடிக்காரர் கெட்டிக்காரர். இரண்டு மெயிலுக்கு ஒரே எண் இருப்பதைப் பிடித்துவிட்டார். நீங்கள் இன்று காலை எங்கள் இருவரையும் வரவழைத்து, டீச்சரே இதைத் தயார் பண்ணியிருப்பாரோ என்ற மாதிரி கேட்டீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு போட்டோவை மெயிலில் சேர்க்கத் தெரியாத அம்மா அவர். நான்தான் என்று அங்கேயே சொன்னேன். யாரும் என்னை நெருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தார்.

"எதுப்பா எம்பொண்ணு எழுதினது? அத மட்டும் சொல்லிடு. வேற ஒண்ணும் கேக்கல."

உங்கள் கண்ணாடிக்காரரால் இதைச் சொல்ல முடியாது. மற்றவற்றுக்கெல்லாம் தலை பாப்பாவுடையதுதான், உடம்பில்தான் என் கை. மூலக் கோப்பு இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜீப் பெட்டியை ஏற்றிய அன்றே என் டிஸ்க்கை அழித்துவிட்டேன், ஒருமுறைக்குப் பலமுறை மேலெழுதி. டீச்சருக்கு இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த மெயில்களும் அதோடு போயின. அதைத் தொழில் தெரிந்த யாராலும் இனி மீட்க முடியாது. என்னாலும்தான்.

நான் மனதாரத்தான் யோசித்தேன், சார். ஹாஸ்டல் ஜன்னலில் மழை அடிப்பதைப் பற்றி ஒன்று. டீச்சர் அதை என்னைத் திரும்பப் படிக்கச் சொல்லிச் சொல்லிக் கேட்பார். அது கோப்பில் இருந்ததா, நான் எழுதியதா என்று எனக்கே பிடிபடவில்லை.

"நீங்க எதுக்கு ரொம்ப அழுதீங்களோ, அது பாப்பா எழுதினதுன்னு வச்சுக்கோங்க டீச்சர்" என்றேன்.

அவர் என் கையை விட்டார். விட்ட கையைப் புடவையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். வெளியே போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அவர் வாந்தி எடுத்த சத்தம் உங்களுக்கும் கேட்டது.

எடுக்கட்டும். எடுத்த எடுப்பில் கேட்டால் யாருக்கும் அருவருப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போவார். சாயங்காலம் ஆகும். கேட்டருகே போய் நிற்பார். பாப்பா எப்படிப் பேசுவாள், எங்கே கொஞ்சுவாள், எந்த இடத்தில் அம்மா என்று நிறுத்துவாள் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இனி நான் ஒருத்தன்தான். ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள் சார், இப்போதே ஒன்று எழுதித் தருகிறேன். யார் எழுதியது என்று மட்டும் டீச்சரிடம் சொல்ல வேண்டாம்.