குதிரைக்குப் பதிலா பிக்கப்

இல்லல்ல, உக்காருங்க வேலுச்சாமி. உங்க ஃப்ளைட்டுக்குத்தான் இன்னும் நேரம் கிடக்கே. நான் எங்கயும் போகல, சம்சாரத்தை ஏத்திவிட வந்தேன். அந்தா, உள்ள போற கதவுகிட்ட, மஞ்ச சுடிதார். கூட நிக்கிற நாலு பொம்பளைங்களும் சீனாக்காரங்க இல்லீங்க, மங்கோலியா. எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க.

உங்க பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் இன்னைக்குக் காலைலதான் குடுத்தானா? அப்படித்தாங்க வச்சிருப்பான். அதுல தப்புச் சொல்ல முடியாது. கொண்டாந்தவனுக்கும் ஒரு பிடி வேணும்ல.

எதுல விட்டேன்? ஆங், கம்பளி. போன குளிர்காலம் இங்க ஒரு கண்காட்சி போட்டாங்க. அதுல இவங்க ஸ்டால். பொம்பளைங்களே சேந்து நடத்துற சங்கம், கம்பளியில செருப்பு, தொப்பி, விரிப்புன்னு செய்றாங்க. தாமரை, அதான் என் சம்சாரம், ஒரு செருப்பைக் கையில எடுத்தவ கீழ வைக்கல. வாங்கித் தர்றேன், வா போலாம்னேன். வாங்க வேணாம், செய்யக் கத்துக்கணும்னுட்டா. இங்கயே அல் கூஸ் ஏரியாவுல ஒரு குடோன்ல சொல்லித்தர்றாங்களாம், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. எனக்கு வாரத்துல இருக்கிற ஒரே லீவுங்க அது.

நெசவா? அதெல்லாம் இல்ல. தறியும் கிடையாது, நூலும் கிடையாது. ஆட்டு முடியைக் குச்சியால அடிச்சுப் பஞ்சாக்கி, ஒரு பழைய கம்பளி விரிப்பு மேல பரப்பணும். தண்ணி தெளிச்சு, ஒரு கட்டையில சுருட்டி, இறுக்கிக் கட்டி, குதிரையில பூட்டி இழுக்கணும். உருள உருள முடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்குமாம். அல் கூஸ்ல குதிரைக்கு எங்க போறது? என் சைட் பிக்கப்ல பூட்டிட்டாங்க. ஆமாங்க, நான்தான் குதிரை.

மொத வாரம் வழக்கம்போல வேகமா வண்டியை எடுத்துட்டேன். சுருள் துள்ளி, கயிறு அந்து, தரையெல்லாம் ஒரே முடி. அவங்க தலைவி ஒயூன்னு ஒரு அம்மா, வந்து பானட்டைத் தட்டிக்குடுத்துச்சு, மெரண்ட குதிரையைத் தட்டுற மாதிரி. தாமரை சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். கல்யாணமானதுலேர்ந்து நான் சொன்ன எதுக்காவது அப்படிச் சிரிச்சிருப்பாளா? அவங்க பாஷையில ரெண்டு வார்த்தை தெரியாது இவளுக்கு. அவங்களுக்கு இங்கிலீஷு அரைகுறை. அப்புறம் என்னத்தப் பேசி இப்படிச் சிரிக்கிறாங்கன்னு, கண்ணாடியிலயே பாத்துக்கிட்டு ஓட்டுவேன்.

பொறாமையா? ஆமாங்க, பொறாமைதான். மறைச்சு என்ன ஆகப்போகுது? வேற ஆம்பளைன்னா சண்டை போடலாம். ஆட்டு முடியோட என்ன சண்டை போடுறது?

இன்னொண்ணு கேளுங்க. அடியில விரிக்கிற பழசு இருக்குல்ல, அதை அம்மான்னு சொல்றாங்க. உள்ளேர்ந்து புதுசா வர்றது மக. எங்களுக்குப் பிள்ளை இல்லீங்க. மொத விரிப்பு முடிஞ்ச அன்னைக்குக் கட்டை அவுத்து, ஈரத்தோட அந்த வெள்ளை விரிப்பு வெளிய வந்ததும், அவங்க பாலைத் தெளிச்சு வாழ்த்துறாங்க. பொண்ணு பொறந்திருக்கு பொண்ணு பொறந்திருக்குன்னு தாமரையைக் கட்டிப்பிடிச்சுக்கிறாங்க. இவ அழுவுறா. நான் ஸ்டியரிங்ல வச்ச கையை எடுக்காம உக்காந்திருக்கேன். இழுத்தது யாருங்க? இறங்கி வந்து பாருன்னு ஒருத்தி கூப்பிடணுமே. இவளும் கூப்பிடல.

இப்ப ரெண்டு மாசம் அவங்க ஊருக்கே போறா, சங்கத்துல தங்கிக் கத்துக்க. அங்க நெசக் குதிரை இருக்காம். அப்ப நான் எதுக்கு?

தடுக்கலாம்தான். போகாதன்னா நின்னுடுவா, அப்புறம் காலத்துக்கும் நான் கெட்டவன். சரி, போயிட்டு வான்னுதான் சொன்னேன். விசா, டிக்கெட் எல்லாம் அலைஞ்சு வாங்கினதும் நான்தான். டப்பா டப்பாவா கொழம்பு வச்சு ஃப்ரிட்ஜை ரொப்பிட்டுப் போறா. கொழம்புக்கா ஒரு மனுசன் ஏங்குறான்?

ஆமா, தாமரைதான் பையைக் கொட்டுறா. கீழயே உக்காந்துட்டா. அவங்க நாலு பேரும் உக்காந்துட்டாங்க பாருங்க. ஒயூன் அம்மா தன் பையையும் சேத்துக் கொட்டுது. கதவுல நிக்கிறவன் பாஸ்போர்ட் கேட்டிருப்பான். கவுன்ட்டர் மூடுறதுக்கு அவங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு.

அங்க எப்படிங்க கிடைக்கும்? இந்தா, என் சட்டைப் பாக்கெட்டுல இருக்கு. எங்க வீட்டுல ரெண்டு பேரோடதும் எப்பவுமே என்கிட்டதான் இருக்கும். வர்ற வழியில கேட்டா. உன் கைப்பையில வச்சாச்சுன்னேன்.

ஏன் எந்திரிக்கிறீங்க? கையைக் காட்டாதீங்க வேலுச்சாமி, உக்காருங்க. இந்தப் பக்கம் திரும்பிட்டா, பாருங்க. என்னைத்தான் தேடுறா.