செடி பார்க்கப் போன குளிர்காலம்

வீட்டுக்குள் கஞ்சாச் செடி வளர்ப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதைத் தண்ணீர் ஊற்றியே கொல்கிறார்கள். ஆசைதான் காரணம். காலையில் எழுந்ததும் ஒரு குவளை. மத்தியானம் இலை கொஞ்சம் தொங்கினாற்போல் தெரிந்தால் இன்னொரு குவளை. வேருக்கு மூச்சு முட்டுகிறது, இலை மேலும் தொங்குகிறது, உடனே மூன்றாவது குவளை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொன்னால் கேட்கிறார்களா? தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி ஊற்றுகிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கான்ஸ்டபிள். விஷயத்துக்குச் சம்பந்தம் உண்டு.

ஒடெட் லரோக் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தன் கணவன் ஃபெர்னான் செத்ததற்குத் தானே காரணம், ஒரு செடியை ஒழுங்காக வளர்க்கத் துப்பில்லாததால்தான் அவன் போய்விட்டான் என்று சொல்லியிருப்பாள். பாதிரியாரிடமும் அதைத்தான் சொன்னாளாம். அது உண்மையில்லை. அந்தச் செடி விஷயத்தில் அவள் ஒரு சின்னப் பிழைகூடச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன்.

என் பெயர் ரெய்னோ சல்மேலா. வயது அறுபத்தெட்டு. பிறந்தது டிம்மின்ஸில், இருப்பதும் டிம்மின்ஸில். சுரங்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். பாறைத் தூளை அமிலத்தில் கரைத்து அதில் தங்கம் எவ்வளவு என்று சொல்கிற வேலை. கருவிகளைச் சரிபார்ப்பதும் என் பொறுப்புதான். நான் சரிபார்த்த கருவி ஒன்றுகூடப் பொய் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, கஞ்சா வளர்ப்பது சட்டப்படி சரி என்றானதும், நிலவறையில் விளக்கு மாட்டி நாலு செடி வைத்தேன். வீட்டுக்கு நாலு. அதற்கு மேல் ஒன்றுகூட வைத்ததில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காபிக் கடையில் என் மேஜைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பிளாஸ்டிக் உறையில் இலையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"ரெய்னோ, நுனியெல்லாம் கருகிப் போச்சுய்யா. என்ன நோய்?"

"உரத்தைக் கொட்டிட்டு நோய்ங்கறியா? குழம்புல உப்பு கூடினா பொண்டாட்டிகிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே. செடி மட்டும் வாயை மூடிக்கிட்டுத் திங்கணுமா?"

சிரிப்பார்கள், காபி வாங்கித் தருவார்கள், போய்விடுவார்கள். இலை தேறிவிட்டால் திரும்ப வர மாட்டார்கள். வைத்தியன் பிழைப்பு அப்படித்தான், நான் குறை சொல்லவில்லை. என் மனைவி ஹெல்வி ஐந்து வருஷத்துக்கு முன்னால் தண்டர் பேயில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஃபெர்னான் சுரங்கத்தில் துளை போட்டவன். பாறை சரிந்து இடது கால் நசுங்கியது. எலும்பு கூடிற்று, நரம்பு கூடவில்லை. முழங்காலுக்குக் கீழே அடுப்பில் வைத்தாற்போல் எரிகிறது என்பான். வலிக்கு அபின் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை அவனை ஆறு வருஷம் தின்றது. ஒடெட் இரண்டு தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவள். கடைசியில் மாத்திரையை விட்டுவிட்டான். இனி நான் ஒரு மாத்திரை தொட்டாலும் நீ திரும்பி வர வேண்டாம் என்று தானே அவளுக்கு வாக்குக் கொடுத்தான்.

அவனுக்குக் கைகொடுத்தது ஸ்டிபேயின் செடி. ஸ்டிபே எங்களோடு வேலை பார்த்த குரோஷியாக்காரன். ஒரே தாய்ச்செடியிலிருந்து கிளை வெட்டி வேர்விட வைத்து, அதிலிருந்து மறுபடி வெட்டி, பல வருஷமாக ஒரே வம்சத்தைக் காப்பாற்றி வந்தான். அதிலிருந்து எடுத்த எண்ணெய் நாலு சொட்டு நாக்கில் விட்டால் ஃபெர்னான் தூங்குவான். கடைகளில் விற்பதையெல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றில் வாந்தி, ஒன்றில் நடுக்கம், மற்றதில் ஒன்றுமே இல்லை. செப்டம்பரில் ஸ்டிபே செத்தான். அவன் மகன் நிலவறையிலிருந்த அத்தனையையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டான். சாவதற்கு முன் ஸ்டிபே ஒடெட்டுக்குக் கொடுத்திருந்த ஒரே ஒரு கிளை தயிர் டப்பாவில் வேர் விட்டு நின்றது. அந்த வம்சத்தில் மிச்சம் அது ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அக்டோபரில் ஒடெட் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கீழ் இலை மஞ்சள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, தண்ணீர் அதிகம். நாலு நாள் காயப்போடச் சொன்னேன். செடி நிமிர்ந்தது. இறைச்சிப் பணியாரம் ஒன்று சுட்டுக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள், பிறகு வரவில்லை. பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் நான் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் தானே வந்தாள். தண்ணீரில் புளிப்பு எவ்வளவு என்று பார்க்க, பேனா அளவில் ஒரு மீட்டர் வாங்கியிருந்தாள்.

"இதைக் கொஞ்சம் சரிபார்த்துக் குடு ரெய்னோ. எனக்கு இந்த எண்ணெல்லாம் புரியாது. நீ சொன்னா அதுதான் எனக்கு வேதம்."

அந்த மாதிரி மீட்டரை அளவு தெரிந்த திரவத்தில் தோய்த்து, பின்னாலிருக்கும் சின்னத் திருகாணியைத் திருப்பி எண்ணைச் சரிசெய்ய வேண்டும். ஏழு காட்ட வேண்டிய திரவம் ஏழு காட்ட வேண்டும். நான் ஒரு குப்பியில் திரவம் கலந்து, மேலே ஏழு என்று எழுதி ஒட்டினேன். உள்ளே இருந்தது ஐந்தரை. கை தவறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முப்பத்தொரு வருஷம் தவறாத கை. அந்தக் குப்பியை அவளிடமே கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் இதில் தோய்த்துச் சரிபார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. கோயிலுக்குப் போகிற உடுப்பில், கையைக் கழுவிக்கொண்டு, மீட்டரைத் தோய்த்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஏழு வரும்வரை திருகுவாள். பிறகு தண்ணீரில் சொட்டுச் சொட்டாகப் புளிப்பு சேர்ப்பாள், மீட்டர் ஆறரை காட்டும்வரை. செடிக்குப் போனது ஐந்து; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்தப் புளிப்பில் வேர் வாயை மூடிக்கொள்ளும். மண்ணில் சத்து இருந்தும் எடுக்க முடியாது. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்த்திவைத்து வாயைக் கட்டியதுபோலத்தான்.

நவம்பரில் இலைகளில் துருப் பிடித்தாற்போல் திட்டுகள் வந்தன. தண்டு ஊதாவாயிற்று. ஒடெட் அழுதுகொண்டே கூப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஃபெர்னான் சோபாவில் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்திருப்பான். என்னைக் கண்டதும் குரல் கொடுப்பான்.

"வந்துட்டாருய்யா டாக்டரு. எனக்கில்ல ஒடெட், உன் பிள்ளைக்கு. எனக்குன்னா இந்தக் குளிர்ல எவன் வரான்?"

"உனக்கென்ன கேடு? குண்டுக்கல்லாட்டம் இருக்கே," என்பேன்.

காபி வரும். இரண்டு ஆட்டம் சீட்டு ஆடுவோம். பிறகு மூன்று பேரும் சமையலறை மூலையில் விளக்கடியில் குனிந்து அந்த ஒரு சாண் செடியைப் பார்ப்போம். வெளியே மைனஸ் முப்பத்தைந்து. சந்தோஷமாக இருந்தேன், கான்ஸ்டபிள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், பிறகு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாது. நல்ல விதி. அந்த விதிப்படியே நடந்தேன். முதல் வாரம் விளக்கை ஒரு முழம் உயர்த்தினோம். அடுத்த வாரம் மின்விசிறியைத் திருப்பிவைத்தோம். பிறகு தொட்டி மாற்றினோம். பிறகு பேதி உப்பை ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றினோம். டிசம்பர் போய்விட்டது. செடியைச் சாகவும் விடவில்லை. துவண்டுவிடும் போலிருந்தால், ஒடெட் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து என் வீட்டிலிருந்து கொண்டுபோன நல்ல தண்ணீரை ஊற்றுவேன். இரண்டு புது இலை விடும். அவள் குழந்தைபோலச் சிரிப்பாள்.

ஒரு தடவை கேட்டாள். "இந்த மீட்டர் தப்பா இருக்குமோ ரெய்னோ?"

"சோதிச்சுப் பாத்துடுவோமே," என்று அவள் கண்ணெதிரிலேயே அந்தக் குப்பியில் தோய்த்துக் காட்டினேன். ஏழு. "என்னை மன்னிச்சுக்கோ, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே," என்றாள். பரவாயில்லை என்றேன்.

ஜனவரியில் ஸ்டிபே விட்டுப்போன எண்ணெய் தீர்ந்தது, ஃபெர்னான் சீட்டைக் கீழே வைத்துவிட்டான். முகம் சாம்பலாக இருந்தது. எரிச்சல் வரும்போது துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பான். ஒடெட் காலடியில் உட்கார்ந்து தலையணையை மாற்றி மாற்றி வைப்பாள். அவளால் வேறென்ன முடியும்? ஒரு நாள் அவள் மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது கேட்டான்.

"மழுப்பாம சொல்லு. அது பிழைக்குமா? பிழைக்காதுன்னா சொல்லிடு. டாக்டர்கிட்ட போய் மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கறேன். ஒடெட் போனாப் போகட்டும். என்னால முடியலடா."

"மூணு வாரம் பொறு," என்றேன்.

"நீ சொல்றியேன்னு பொறுக்கறேன்."

பொறுத்தான். மூன்று வாரம் கழித்து இன்னும் மூன்று வாரம் சொன்னேன். அதையும் பொறுக்கத்தான் பார்த்தான்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டிபே ஆகஸ்டிலேயே எனக்கும் இரண்டு கிளை கொடுத்திருந்தான். என் நாலு செடியில் இரண்டு அந்த வம்சம்தான். இடுப்பு உயரம் வளர்ந்து, பூத்து, கிறிஸ்துமஸுக்குள் அறுத்துக் காயவைத்து, கண்ணாடிச் சாடியில் மூடி வைத்திருந்தேன். ஃபெர்னானுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். அவன் மழுப்பாமல் சொல் என்று கேட்ட மறுநாள் அந்தச் சாடியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். நான் உட்கார்ந்திருக்கும்போதே அவனுக்கு எரிச்சல் வந்தது. துண்டைக் கடித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை வழிந்தது. ஒடெட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பண்ணேன் ரெய்னோ," என்றாள். சாடி என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. மூடி இறுக்கமானது, வாசனை வராது. இப்போது கொடுத்தால் ஏன் முன்னாலேயே கொடுக்கவில்லை என்று கேட்பார்களே, என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவனுக்கு எரிச்சல் அடங்கிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். டாக்டரிடம் போனால் ஒடெட்டுக்குத் தெரிந்துவிடும் என்று தெருவில் எவனிடமோ மாத்திரை வாங்கியிருக்கிறான். அதில் என்ன கலந்திருந்தது என்று அவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரிந்திருக்காது. ஒடெட் பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து மூன்றரைக்கு வந்து பார்த்தாள். நான் வழக்கம்போல நாலு மணிக்குப் போனேன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவசரம் எதுவும் இல்லாமல் நின்றது.

எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். நான் சமையலறைக்குப் போய்க் குப்பியைக் கழுவிக் கவிழ்த்தேன், மீட்டரைச் சரியாகத் திருகிவைத்தேன், செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றினேன். அன்று தண்ணீர் விடவேண்டிய நாள். ஒன்பதாவது நாள் செடி முழுக்கப் பச்சையாகிவிட்டது. இப்போது முழங்கால் உயரம். ஒடெட் அதைத் தொடுவதில்லை.

"பாத்தியா ரெய்னோ, நான் கை வைக்காம விட்டதும் பொழச்சுக்கிச்சு," என்றாள். "என் கையிலதான் ஏதோ விஷம் இருந்திருக்கு. நான்தான் அவனைக் கொன்னுட்டேன்."

அவள் அப்படிச் சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் கையில் ஒரு விஷமும் இல்லை. மீட்டரைப் பொய் சொல்ல வைத்தது நான். செடியை நாலு மாதம் அரை உயிராக வைத்திருந்தது நான். மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு அவன் துடிப்பதைப் பார்த்தது நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்களுக்கு நான் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். ஊரில் ஒரு மனிதர் அந்த வீட்டுப் படியேறவில்லை. அந்தச் செடி முதல் வாரமே தேறியிருந்தால், இந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களுக்குத் துணைக்கு யார் இருந்திருப்பார்கள், சொல்லுங்கள்?