சனிக்கிழமைப் பையன்

இல்ல தம்பி, அது அழுக்கு இல்ல. ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்க. பெயிண்ட். ரெண்டு ஹெல்மெட் மோதுச்சுன்னா இதோட வர்ணம் கொஞ்சம் அதுல ஒட்டும், அதோடது இதுல ஒட்டும். காலேஜ் ஃபுட்பால் சீசன் முடிஞ்சதும் மத்த தொண்ணூத்தி நாலு ஹெல்மெட்டையும் துடைச்சு அடுக்கிட்டேன். இது ஒண்ணை மட்டும்தான் துடைக்கல. பெருசு, என்னோடத விட்டுரு, கடைசி ஆட்டத்தோட அடையாளம் இருக்கட்டும்னு டானர் கேட்டுக்கிட்டான்.

உக்காருங்களேன். அந்தப் பெட்டி தாங்கும். டானரே அதுலதான் உக்காருவான், முன்னூத்திப் பத்து பவுண்டு. நீங்க அதுல கால்வாசி இருப்பீங்களா? சரி சரி, பாதி. கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குக் காலைலேர்ந்து என் வாய் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. சாதாரணமா நான் பேசவே மாட்டேன், யாரை வேணா கேளுங்க. போன வருஷம் உங்கள மாதிரியே ஒருத்தர் வந்து வேற பையனைப் பத்தி விசாரிச்சாரு. ஆமா, இல்லன்னு ரெண்டே வார்த்தைதான் சொன்னேன். மனுஷன் வெறுத்துப் போய்ட்டாரு.

பஃபலோ அணிக்கு ஆள் பொறுக்க வந்தவரா? சட்டையில போட்டிருக்கே. நல்லது. காபி வேணுமா? துணி துவைக்கிற அறையில போட்ட காபி, கொஞ்சம் சோப்பு வாசம் வரும். பழகிடும்.

கேளுங்க. பையன்கிட்ட மூர்க்கம் இருக்கா, அதானே? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. பயிற்சியாளரைக் கேட்டா சிங்கம், புலிம்பாரு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு, அவர் வளர்த்த பையன். அதனாலதானே நீங்க என்ன மாதிரி ஆளைத் தேடிக் கீழ எறங்கி வர்றீங்க. சமையக்காரங்க, கட்டுப் போடறவங்க, துணி துவைக்கிறவன். எனக்குத் தெரியும்.

மொதல்ல குறையெல்லாம் சொல்லிடறேன். கை நீளம் பத்தாது. முப்பத்திரண்டே கால் அங்குலம். நீங்களும் அளந்திருப்பீங்க, நான் சட்டைக்கு அளந்தேன், ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். அதனால தடுப்பு வரிசையில ஓரத்துல நிக்கிற பெரிய வேலை இவனுக்குக் கிடைக்காது, உள்பக்கம்தான் நிக்கணும். இடது கால் வலது காலை விட அரை அளவு பெருசு, ஷூ ரெண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கொண்ணா எடுத்துக்கணும். உங்க ஊர்ல துணிமணி பாக்குற ஆள்கிட்ட சொல்லி வைங்க, இல்லாட்டி பையன் கொப்புளத்தோட சுத்துவான், வாயத் தொறந்து கேக்க மாட்டான். தூங்குமூஞ்சி. அந்தத் துண்டு மூட்டை மேலயே தூங்குவான். ஒரு நாள் என்கிட்ட வந்து, பெருசு, உன் மிஷின் என் சாக்ஸ் ஒண்ணைத் தின்னுடுச்சுன்னான். உன் சாக்ஸைத் தின்ன பிறகும் அது உயிரோட இருக்குன்னு சந்தோஷப்படுடான்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சா இந்தக் கதவு ஆடும்.

குறை அவ்வளவுதான். இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு. அதுக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க, தெரியாதா எனக்கு? அக்டோபர்ல நடந்த ஆட்டம். வீடியோல பாத்திருப்பீங்க. ஆட்டம் ஓடிக்கிட்டிருக்கு, இவன் தனியா புல்லுல முட்டி போட்டுத் தவழ்ந்துக்கிட்டிருக்கான். இவனுக்குப் புத்தி சரியில்ல, ஆட்டத்து மேல கவனமே இல்லன்னு மூணு அணிக்காரங்க எழுதிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அதோட, ஆள் எடுக்குற ஏழு சுத்துல இவன் பேரு நாலாவதுலேர்ந்து எங்கேயோ இறங்கிடுச்சாம்.

அந்த விஷயத்தைத்தான் கேளுங்க. நான் பக்கத்துலயே நின்னேன், கோட்டுக்கு இந்தப் பக்கம்.

பந்தெறியற எங்க பையன் எறிஞ்சு முடிச்சுட்டான். கையில பந்தே இல்ல. அப்பறமா வந்து எதிராளி ஒருத்தன், நெட்டையன், அவனைப் பின்னால இடிச்சுத் தள்ளுறான். நடுவர் பாக்கல. அவனைக் காக்குறதுதான் டானர் வேலை, டானர் பாத்தான். தன் எடத்துல போய்க் குனிஞ்சு நின்னான். அடுத்த தடவை பந்து நகர்ந்துச்சு பாருங்க, அந்த நெட்டையனை நெஞ்சுல கைவச்சுத் தூக்கினவன், தூக்கிக்கிட்டே போனான். பத்து கஜம். பன்னெண்டு இருக்கும். எங்க தண்ணி மேஜை மேல கொண்டாந்து போட்டான். டம்ளரெல்லாம் பறக்குது, என் மேலெல்லாம் ஆரஞ்சுத் தண்ணி. விசில் அதுக்கப்பறம்தான் ஊதினாங்க, நல்லாக் கவனிங்க, அதுக்கப்பறம்தான். குத்தம் ஒண்ணும் இல்ல.

மூர்க்கம் வேணும்னு கேட்டீங்களே, அதுதான். என் சட்டையில ரெண்டு துவைப்புக்குப் போகல அந்தக் கறை.

அந்த நெட்டையனும் லேசுப்பட்டவன் இல்ல. எழுந்தான், வாயத் தொடைச்சான், தன் எடத்துக்கு ஓடிட்டான். வெளிய போனா இன்னொருத்தன் எடத்தைப் பிடிச்சுக்குவானே. வாயில ரத்தம். பல்லுக்குப் போடற ரப்பரைக் கடிக்காம வெளிய தொங்கவிட்டிருக்கான், முட்டாப் பய. டானர் அதைப் பாத்துட்டான். ஐயையோ உன் பல்லு எங்கடான்னு கத்தினான். கத்திட்டு முட்டி போட்டுத் தேட ஆரம்பிச்சுட்டான்! எங்க ஆளுங்க பத்து பேர் வரிசையில நிக்கிறாங்க, பதினோராவது ஆள் புல்லைக் கிளறுறான். பயிற்சியாளர் தொப்பியைக் கழட்டிக் கீழ அடிக்கிறாரு. டேய் எருமை, எழுந்திருடாங்கிறாரு. இவன் தலையத் தூக்காம, ஒரு நிமிஷம் சார், பல்லு சார்ங்கிறான். நேரம் போயிடுச்சு, தாமதத்துக்குக் கொடியை வீசிட்டாங்க, தண்டனையா அஞ்சு கஜம் பின்னால.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. நானும் அன்னைக்கு சிரிச்சேன், ஆனா வெளிய காட்டிக்கல.

கிடைச்சுதா இல்லயான்னா கேக்குறீங்க? கிடைச்சுது. கொண்டாந்து என் கையில வச்சான். பெருசு, பாலுல போட்டு வைக்கணும், அப்பத்தான் திரும்ப ஒட்டவைப்பாங்கன்னு சொல்லிட்டு ஓடிட்டான். பாலுக்கு நான் எங்க போறது? தின்பண்டக் கடைக்கு ஓடினேன். அங்க சாக்லேட் பால்தான் இருக்கு. பல்லைச் சாக்லேட்டுல போடலாமா, எனக்கென்ன தெரியும்? அந்தக் கடையில நின்னவங்க காபிக்கு வச்சிருந்த வெள்ளைப் பாலை எடுத்து ஒரு டம்ளர்ல ஊத்தி, என் கையிலிருந்து பல்லைப் பிடுங்கி உள்ள போட்டு, எதிரணிப் பக்கம் அவங்களே ஓடினாங்க. யாரு பெத்த புள்ளையோ, ஆரஞ்சுத் தண்ணியில நின்னுக்கிட்டு முழிக்கிறீங்களேன்னு என்னை ஒரு ஏச்சு வேற. பல்லு ஒட்டிக்கிச்சு, தெரியுமா? அந்த நெட்டையன் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தான், பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு போட்டோ.

யாரா? டானரோட அம்மா. மார்லிஸ். வீட்டுக்காரரு அவன் சின்னப் புள்ளையா இருந்தப்பவே போய்ட்டாரு. ஆட்டம் ஒண்ணு விடாம வருவாங்க, ஆனா ஆட்டம் பாக்க மாட்டாங்க. பையன் அடி வாங்குறதைப் பாக்க மனசு வராது. அதான் அந்தக் கடையில ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு சூடா சாஸேஜ் விப்பாங்க. நாலு வருஷத்துல பையன் ஆடுறதை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. கூட்டம் கத்துறதை வச்சுத்தான் கணக்கு.

அந்தப் பல்லு விஷயத்துக்கு அப்பறம் அவங்களே வந்து கேட்டாங்க, ஓரின், பையனுக்கு எங்க அடி படுது, தலையிலயா, பக்கத்துலயா, உண்மையைச் சொல்லுங்கன்னு. டாக்டர் சொன்னா நம்ப மாட்டாங்களாம், பையன் சொன்னா நம்பவே மாட்டாங்களாம். நான் ஹெல்மெட்டைக் காட்டினேன். இந்த மாதிரித்தான், ஜன்னல் பக்கம் திருப்பி. பாருங்கம்மா, பெயிண்ட் எல்லாம் நெத்தி உயரத்துல முன்பக்கம்தான் இருக்கு. பக்கத்துல ஒண்ணும் இல்ல, உச்சியில ஒண்ணும் இல்ல. அப்படின்னா தலையக் குனியல, கண்ணத் தொறந்து ஆளைப் பாத்துத்தான் மோதுறான், யாரும் அவனைப் பக்கவாட்டுல ஏமாத்தி அடிக்கலன்னு. நீங்களும் அதை எழுதிக்கலாம். அதுல பொய் சொல்ல முடியாது, பெயிண்ட்டு.

அப்பறம் ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சும் போன் பண்ணிப் படிச்சுக் காட்டுவேன். பச்சை ரெண்டு, மஞ்சள் ஒண்ணு, எல்லாம் நெத்தியிலன்னு. சரி, இப்ப தூங்குவேன்னு போனை வச்சிடுவாங்க. போகப் போக உடனே வைக்கிறதில்ல.

நான் எங்கேயோ போய்ட்டேன். பையனுக்கு வருவோம்.

வியாழக்கிழமை மொத சுத்துல பேரு வாசிக்கிறாங்களே, அந்தப் பசங்களை விடுங்க. கோட்டு, சூட்டு, டி.வி. வெளிச்சம். அவங்களைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். இவன் சனிக்கிழமைப் பையன். நாலாவது, அஞ்சாவது சுத்து, மத்தியானம், வீட்டுல உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டுல வச்சுக்கிட்டுப் போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிற பையன். நாலாவதுல யாராவது கூப்பிட்டா அணியில இடம் கிட்டத்தட்ட நிச்சயம். ஏழும் தாண்டி யாருமே கூப்பிடலன்னா அவங்க மாமாவோட தீவனக் கடை. மூட்டை தூக்குறதுக்கும் நல்ல ஆள்தான். ஆனா இவன் அதுக்குப் பொறந்தவன் இல்ல தம்பி. ஆளைத் தூக்கி மேஜை மேல போடவும் தெரியணும், போட்ட பிறகு பல்லைத் தேடவும் தெரியணும். மொதல்ல இருக்கிறவன் நிறையப் பேரு இருக்கான். ரெண்டும் சேந்த ஆளை இருபத்தாறு வருஷமா இந்த அறையில நான் பாத்ததில்ல.

கெளம்பிட்டீங்களா? கை ஈரம், பரவால்லயா? குடுங்க. என்ன எழுதினீங்க, கடைசி வரியை மட்டும் படிச்சுக் காட்டுங்களேன். விசில் வரைக்கும் மூர்க்கம், விசிலுக்கப்பறம் மனுஷன்னா? அடடா! நல்லா எழுதுறீங்களே. அதுக்குக் கீழ? சொன்னவர் துணிமணிப் பொறுப்பாளர் ஓரின், பையனுக்கு உறவில்லைன்னா?

ம்.

இன்னைக்குத் தேதிக்கு அது சரிதான். மே பத்தாம் தேதிக்கு மேல சரி இல்ல. அன்னைக்கு மார்லிஸுக்கும் எனக்கும் கல்யாணம். நேத்து சாயந்திரம்தான் சரின்னு சொன்னா. அறுபத்தி நாலு வயசுல என்னத்தச் சொல்றது, ராத்திரி பூராத் தூக்கமே இல்ல. ஏன் சிரிக்கிறீங்க? டானர்கிட்ட சொல்லிடாதீங்க, சனிக்கிழமை அவன் பேரு வாசிச்ச பிறகுதான் சொல்லணும்னு அவ கண்டிப்பாச் சொல்லியிருக்கா. முட்டை வேகவைக்கத் தெரியாத பையன், மொத வருஷம் அவன் எங்க போறானோ அங்க நாங்களும். அவளுக்கு ஃப்ளோரிடா ஆசை, பஃபலோன்னு அவ வாயிலேயே வரல. அங்க எவ்வளவு பனி விழும்? அட, அவ்வளவா! சரி, அதை நான் அவகிட்டச் சொல்லப் போறதில்ல.

ஆனா நீங்க எழுதுங்க, உறவுக்காரன் ஆகப்போறவன்னு எழுதுங்க. மேல எழுதினதை அடிக்காதீங்க, நான் புகழ்ந்ததுல பாதியைக் கழிச்சுக்கோங்க, அதான் நியாயம். கழிச்சாலும் நாலாவது சுத்து வரும், நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.