ரெண்டு அணுவும் ஒரு கடுதாசியும்

...ஏசி மட்டுமாண்ணே? ஒரு வாரமா இந்த லேப்ல எதுவுமே உருப்படல. லைட்டு போட்டுடாதீங்க, இந்தப் பச்சை விளக்கே போதும். நீங்க பாட்டுக்கு ஏசி ரிப்பேரைப் பாருங்க, நான் பேசிக்கிட்டிருக்கேன். வாய் சும்மா இருந்தா எனக்குத் தலைவலி வந்துடும்.

இங்க ஒரு அணு, பக்கத்து ரூம்ல ஒரு அணு. லேசர் வெளிச்சத்தாலயே அந்தரத்துல புடிச்சு நிறுத்தியிருக்கோம். ஒண்ணை ஒண்ணு பாத்ததே இல்ல. ஆளுக்கு ஒரு துளி வெளிச்சத்தைத் தூது அனுப்பும்... ரெண்டு துளியும் இந்தக் கண்ணாடியில வந்து கலக்கும். எது யாரோடதுன்னே தெரியாது. வெளிச்சத்தைப் புடிக்கிற ரெண்டு கருவியும் ஒண்ணா 'டிக்'குன்னா முடிஞ்சுது. தூது போனவங்க சந்திச்சதுக்கே, வீட்ல இருக்கிற பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணம் ஆயிட்ட மாதிரி.

இப்ப என்னடான்னா, தூதே வராம டிக்கு மட்டும் வருது. எங்கேயோ திருட்டு வெளிச்சம். கருவி முன்னாடி ஒரு வடிகட்டி இருக்கு, மத்த நிறத்தையெல்லாம் நிறுத்திடும், அணுவோட செவப்பு மட்டும் உள்ள போகும். சல்லடை போட்டுத் தேடிட்டேன். கதவிடுக்குல கறுப்பு டேப், கம்ப்யூட்டர்ல டேப்... அவ கைக்கடிகாரத்தைக்கூடக் கழட்டி வெளிய வெச்சேன்.

யாரா? ஆராய்ச்சி பண்ற பொண்ணு. நாலு வருஷமா இதே வேலைதான். வெளிச்சம் கசியறது அவ அக்கறை இல்லாததாலதான், ஆளை வேலையவிட்டு எடுத்துடுங்கன்னு காலையிலேயே இயக்குநருக்குக் கடுதாசி குடுத்துட்டேன். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள முடிவு. லேப் பொறுப்புன்னா கண்டிப்பு வேணும்ல?

என்னண்ணே, என் மேசைக்கடியில குனியறீங்க? அது ஒண்ணுமில்ல, ஹீட்டர். உங்க ஏசி ஓடற ஓட்டத்துல காலு மரத்துப்போகுது... ஒரு வாரமாத்தான் வெச்சிருக்கேன்.

ஓ, அந்தச் சூட்டாலதான் ஏசி ஓயலையா? சரி, அணைங்க.

...டிக் நின்னுபோச்சே.

இருங்க, திரும்பப் போடுங்க. ம்... டிக்குது. ஆமா, செவப்பாத்தான் எரியுது. அணைங்க, அணைங்க.

அண்ணே, ஒரு உதவி. நீங்க எதையும் பாக்கல. கடுதாசியத் திரும்பக் கேட்டா என் மானம் போயிடும். அவளுக்கென்ன, சின்ன வயசு, வேற லேப் கிடைக்காமலா போயிடும்? ஏசிலதான் கோளாறுன்னு எழுதிட்டுப் போங்க. அதுக்கென்ன வாயா இருக்கு, இல்லன்னு சொல்ல...

அண்ணே, ஹீட்டரை ஏன் தூக்கறீங்க? வெளிய போற வழி இந்தப் பக்கம்ணே.

அது இயக்குநர் ரூம்ணே...